தாமஸ் கசடு: எஃகாலைக் கழிவு உரமான வரலாறும் அதன் மறைவும்

ஆய்வுச் சுருக்கம்

பாஸ்பரஸ் மிகுந்த வார்ப்பிரும்பிலிருந்து எஃகு உருவாக்கும் தாமஸ் முறை 1879இல் தொழில்நிலையை எட்டியது. அம்முறையில் எஃகோடு சேர்ந்து வெளிவந்த கசடு முதலில் கழிவாகக் கொட்டப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய வேளாண்மையின் முதன்மையான மணிச்சத்து உரங்களுள் ஒன்றாயிற்று. 1970களில் சந்தையிலிருந்து பெரிதும் விலகிவிட்டது. இக்கசடு உரமானதற்கு அதன் வேதியியல் இயைபு மட்டும் காரணமன்று என்றும், அரவைத் தொழில்நுட்பம், ஆய்வகச் சோதனை முறை, மண்ணின் இயல்பு, அரசுகளின் உடன்படிக்கைகள் ஆகியவை கூடியே அதை உரமாக்கின என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அரவை ஆலைத் தொழிலாளர் இதற்குக் கொடுத்த விலையும், எஃகு உருக்கும் முறை மாறியதும் உரம் மறைந்த வகையும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எஃகுக் கசடு, தாமஸ் முறை, மணிச்சத்து, துணைப்பொருள், லொரேன், லக்சம்பர்க், தொழில்சார் நோய்

முன்னுரை

எஃகாலைக் கசடு குறித்து இன்று வெளிவரும் எழுத்துகளில் பல, கழிவைச் செல்வமாக்குதல் என்னும் முழக்கத்தோடு தொடங்குகின்றன. சாலை அமைத்தல், சிமெண்ட் உற்பத்தி, மண் திருத்தம் எனப் பயன்கள் அடுக்கப்படுகின்றன. கசடை மறுபயன்படுத்துவது நம் காலத்தின் புதிய சிந்தனை என்னும் எண்ணமும் அவற்றின் ஊடாகப் பரவியுள்ளது. ஆயின் எஃகுத் தூய்மிப்பில் உண்டாகும் கசடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏறத்தாழ முழுமையான மறுபயனைக் கண்டுவிட்டது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஜெர்மனியில் மட்டும் ஆண்டுக்கு 20 இலட்சம் டன் அளவில் அது அரைக்கப்பட்டு உரமாக விற்கப்பட்டது. அவ்வளவு பெரிய மறுபயன் எவ்வாறு தோன்றியது, ஏன் நிலைக்கவில்லை என்னும் இரு வினாக்களே இக்கட்டுரையின் களம்.

சொல்லாட்சி பற்றி ஒரு விளக்கம் தேவை. தமிழ்ப் பாடநூல்கள் கசடு என்னும் சொல்லை ஆள்கின்றன. கிட்டம், சிட்டம் என்னும் சொற்களும் வழக்கில் உள்ளன. சித்த மருத்துவம் பழைய இரும்புக் கிட்டத்தை மண்டூரம் எனப் பெயரிட்டு, தூய்மை செய்து, சோகை நோய்க்குரிய மருந்தாக்கியிருக்கிறது. ஆகவே கசடு பயனற்றது என்னும் பொருள் நம் மரபிலும் முற்ற முடிந்ததாக இல்லை. இக்கட்டுரையில் கசடு என்பது எஃகாக்கும் மாற்றி உலையில் உண்டாகும் கசடையே குறிக்கும். தாதுவை உருக்கும் ஊதுலையின் கசடு வேறு. அதன் இயைபும் வரலாறும் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் இத்துறை எழுத்துகளில் குழப்பம் மிகுதி.

பாஸ்பரஸ் என்னும் தடை

உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தி, எரிபொருள் இன்றியே எஃகாக்கும் முறையை ஹென்றி பெசிமர் 1856இல் செல்டன்ஹாம் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அறிவித்தார். உரிமம் பெற்ற ஆலைகள் அம்முறையைக் கையாண்டபோது கிடைத்த உலோகம் அடித்தால் நொறுங்கியது. காரணம் பாஸ்பரஸ். பெசிமர் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது வேல்ஸ் நாட்டின் பிளேனாவன் இரும்பு. அதில் பாஸ்பரஸ் தற்செயலாகக் குறைவாக இருந்தது. மற்றவர்களுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. பெசிமர் உலையின் உள்பூச்சு சிலிக்கா மிகுந்த அமிலத் தன்மையுடையது. பாஸ்பரஸ் எரிந்து உண்டாகும் ஆக்சைடும் அமிலத் தன்மையுடையது. அதைப் பிணைத்து வெளியேற்றும் காரப் பொருள் உலையில் இல்லாமையால் அது மீண்டும் இரும்பிலேயே தங்கியது.

இதன் விளைவு தொழில்நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. பாஸ்பரஸ் குறைந்த தாது, இங்கிலாந்தின் கம்பர்லாந்து, ஸ்பெயினின் பில்பாவோ போன்ற சில இடங்களிலேயே கிடைத்தது. இங்கிலாந்தின் கிளீவ்லாந்து, லொரேன், லக்சம்பர்க், ஸ்வீடனின் வடபகுதி ஆகிய இடங்களின் பெரும் படிவங்கள் எஃகுக்கு உதவாதவை எனக் கருதப்பட்டன. 1871இல் பிரான்சிடமிருந்து லொரேனின் ஒரு பகுதியை ஜெர்மனி கைப்பற்றியபோது, அங்குள்ள மினெட் எனப்படும் தாது, மலிவாயினும் குறையுடையது என்றே மதிக்கப்பட்டது.

இத்தடையை நீக்கியவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். 1850இல் இலண்டனில் பிறந்த இவர், காவல் நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றியவாறே மாலை வகுப்புகளில் வேதியியல் பயின்றார். இவருடைய உறவினரான பெர்சி கார்லைல் கில்கிறிஸ்ட் வேல்ஸ் நாட்டு இரும்பாலைகளில் வேதியியலராக இருந்தார். இருவரும் 1877, 1878ஆம் ஆண்டுகளில் பிளேனாவனில் சோதனைகளை நிகழ்த்தினர். பெசிமருக்குப் பாஸ்பரஸ் குறைந்த இரும்பை அளித்த அதே ஊரில் பாஸ்பரஸை நீக்கும் வழியும் பிறந்தது வியப்பே. எழுத்தர் ஒருவர் பெருந்தொழிலை மாற்றியமைத்த கதையாக இது பலமுறை சொல்லப்பட்டுள்ளது. கதை ஈர்ப்புடையதே. எனினும் நம் நோக்கிற்கு முதன்மையானது தாமஸ் கண்ட வழியின் இயல்பு: உலையின் உள்பூச்சை டோலமைட், தார் ஆகியவற்றாலான காரத் தன்மையுடைய செங்கற்களால் அமைத்தல், உருகிய இரும்போடு சுண்ணாம்பையும் சேர்த்தல். கரி முழுதும் எரிந்த பின்னரும் சில நிமிடங்கள் காற்றைத் தொடர்ந்து ஊதினால் பாஸ்பரஸ் எரிந்து சுண்ணாம்போடு கூடி, கால்சியம் பாஸ்பேட்டாகக் கசடில் சேர்ந்துவிடும்.

1879 ஏப்ரல் 4ஆம் நாள் மிடில்ஸ்பரோ நகரின் போல்கோ வான் ஆலையில் இம்முறை பெரிய அளவில் நிறுவிக் காட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் ஹோர்டே, ரூரோர்ட் ஆலைகள் தாமஸ் எஃகை வார்த்தன. லொரேனிலும் லக்சம்பர்க்கிலும் உரிமங்கள் விரைந்து வாங்கப்பட்டன. பிறந்த நாட்டைவிடக் கண்டத்து ஐரோப்பாவே இம்முறையை ஆவலோடு தழுவிக்கொண்டது.

இங்கு ஒரு தலைகீழ் மாற்றம் கவனத்திற்குரியது. தாமஸ் முறையில் பாஸ்பரஸ் எரியும்போது வெளிப்படும் வெப்பமே உலோகத்தை உருகிய நிலையில் வைத்திருந்தது. அதனால் வார்ப்பிரும்பில் 2 விழுக்காட்டை ஒட்டிய அளவில் பாஸ்பரஸ் இருத்தல் விரும்பத்தக்கதாயிற்று. நேற்றுவரை குறையாக இருந்தது இன்று எரிபொருளாக மாறியது. போதிய பாஸ்பரஸ் இல்லாத ரூர்ப் பகுதி ஆலைகள், முந்தைய தலைமுறையின் தேனிரும்பு உலைகள் கொட்டி வைத்திருந்த கசடு மேடுகளைத் தேடி வாங்கி ஊதுலையில் இட்டன; அம்மேடுகளில் பாஸ்பரஸ் சேர்ந்திருந்ததே காரணம். தாமஸ் கசடு வயலுக்குப் போகும் முன்னரே வேறொரு பழங்கசடு இவ்வாறு மறுபயன் கண்டது. வரலாற்று நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கழிவு, மூலப்பொருள் என்னும் பெயர்கள் பொருளின் இயல்பைச் சார்ந்தவையல்ல, அதைக் கேட்கும் உலையைச் சார்ந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

குவியலும் ஐயமும்

ஒரு டன் தாமஸ் எஃகுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ கசடு வெளிவந்தது. அதில் பாதியளவு சுண்ணாம்பு. பாஸ்பரஸ் பென்டாக்சைடு 15 முதல் 20 விழுக்காடு. உர வணிகத்தின் நோக்கில் இது சிறந்த மணிச்சத்துச் செறிவு. வேதியியலர் இதனைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். தாமஸ் தம் இறுதி ஆண்டுகளில் கசடின் பயன்பாட்டிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தினார். எஃகு துணைப்பொருளாகவும் பாஸ்பேட் முதன்மைப் பொருளாகவும் எண்ணப்படும் காலம் வரக்கூடும் என அவர் கருதியதாகச் சொல்லப்படுவதுண்டு. கசடு உரமாக வெற்றி பெற்றதை அவர் காணவில்லை. 1885 பிப்ரவரி 1ஆம் நாள் பாரிஸில், 34ஆம் வயதில் காலமானார்.

அறிந்திருந்தும் கசடு ஏன் குவியலாகவே கிடந்தது? அக்கால உரவியலின் நம்பிக்கையே தடையாக நின்றது. ஜான் பென்னெட் லாஸ் 1842இல் காப்புரிமை பெற்ற சூப்பர் பாஸ்பேட், கந்தக அமிலத்தால் பாஸ்பேட்டை நீரில் கரையச் செய்வது. நீரில் கரைவதே பயிருக்குப் பயன்படும் என்பது அன்றைய பொதுக்கருத்து. தாமஸ் கசடோ நீரில் கரையாதது. அதன்மேல் அமிலத்தை ஊற்றினால் மிகையான சுண்ணாம்பு அமிலத்தை விழுங்கிவிடும், செலவு கட்டுப்படியாகாது. கசடிலுள்ள இரும்புச் சேர்மங்கள் வேரை நஞ்சாக்கும் என்னும் அச்சமும் இருந்தது. ஆகவே முதல் முயற்சிகள் யாவும் கசடிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் சிக்கலான வேதியியல் வழிகளையே நாடின. பெர்லின் வேதியியலர் கார்ல் ஷைப்ளரின் முறை அவற்றுள் ஒன்று.

தீர்வு, எதிர்பாராத அளவு எளியதாக அமைந்தது. கசடை எதனோடும் சேர்க்க வேண்டியதில்லை. மாவாக அரைத்தால் போதும். ஹனோவர் பகுதியில் உள்ள பய்னே ஆலையின் கசடைக் கொண்டு 1880களின் முற்பகுதியில் இதனைச் செய்துபார்த்தவர்களுள் முன்னோடி குஸ்டாஃப் ஹோயர்மன். பய்னே வட்டாரத் தாது பாஸ்பரஸ் மிகவும் செறிந்தது. பிரேமனில் இருந்த கரிச்சதுப்பு நில ஆய்வு நிலையத்தில் மோரிட்ஸ் ஃபிளைஷர் நடத்திய சோதனைகளும், டார்ம்ஸ்டாட்டில் பவுல் வாக்னர் நடத்திய தொட்டிச் சோதனைகளும் அரைத்த கசடின் ஆற்றலை உறுதிசெய்தன. இங்கிலாந்தில் ரைட்சன், மன்றோ ஆகிய இருவரும் டவுன்டன் வேளாண் கல்லூரியிலும் டர்ஹம் பகுதியின் ஃபெரிஹில்லிலும் 1885ஐ ஒட்டி நிகழ்த்திய களச்சோதனைகள் இதே முடிவுக்கு வந்தன. ஹோர்டே ஆலையின் ஹில்கென்ஸ்டாக், கசடின் படிகங்களில் நான்கு கால்சியம் கூறுகள் கொண்ட பாஸ்பேட்டை 1883இல் இனங்கண்டிருந்தார். இயற்கைப் பாறைப் பாஸ்பேட்டைவிட இது எளிதில் சிதைவதாகையால், வேர் சுரக்கும் மென்மையான அமிலங்களுக்கும் மண்ணின் அமிலத்துக்கும் விரைவில் இணங்கும் என விளக்கப்பட்டது.

சிட்ரிக் அமிலமும் சல்லடையும்

களத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பொருள் உடனே சந்தைப் பொருளாகிவிடுவதில்லை. கரிய மாவு ஒன்று மூட்டையில் வருகிறது. அதில் உள்ளது தாமஸ் கசடா, பாறைப் பாஸ்பேட் கலந்த போலியா என்பதை உழவர் எவ்வாறு அறிவார்? கலப்படம் உண்மையிலேயே பெருகியது. மொத்தப் பாஸ்பேட் அளவை மட்டும் காட்டும் பகுப்பாய்வு இதனைக் கண்டறிய உதவவில்லை. வாக்னர் வகுத்த முறை இங்குத் திருப்புமுனையாயிற்று. 5 கிராம் மாவை 2 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசல் 500 மில்லிலிட்டரில் இட்டு அரைமணி நேரம் குலுக்கி, கரைந்த பாஸ்பேட்டை மட்டும் அளப்பது அம்முறை. பாறைப் பாஸ்பேட் இச்சோதனையில் சிறிதே கரையும். நல்ல தாமஸ் மாவு பெரும்பகுதி கரையும். ஜெர்மன் வணிகம் நாளடைவில் மொத்தப் பாஸ்பேட்டைக் கைவிட்டு, சிட்ரிக் அமிலத்தில் கரையும் அளவுக்கே விலை வைத்தது.

இதனோடு நுண்மையும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. ஓர் அங்குலத்திற்கு 100 கண்கள் கொண்ட சல்லடையில் 80 விழுக்காடு புக வேண்டும் என்பது இங்கிலாந்தில் பரவலான நெறி. 1893ஆம் ஆண்டின் உர, தீவனச் சட்டம் விற்பனையாளர் இயைபை எழுத்தில் தர வேண்டும் எனக் கட்டளையிட்டது. இவ்விரு அளவீடுகளும் சேர்ந்தே தாமஸ் மாவை நம்பத்தக்க உரமாக்கின. பெருநிறுவனங்கள் தத்தம் முத்திரையுடன் மாவை மூட்டை கட்டி, கண்டம் முழுவதும் விற்றன. பீப்ரிக் நகரின் ஆல்பர்ட் தொழிலகம் அவற்றுள் பெயர்பெற்றது.

சிட்ரிக் அமிலச் சோதனை பயிரின் வேரை முழுமையாகப் பின்பற்றுகிறது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப ஒரே விடை தருவதே அதன் வலிமை. அச்சோதனை பின்னர் உலையின் செயல்பாட்டையே பாதித்தது. உருகிய கசடில் மணலைச் சேர்த்தால் சிட்ரிக் கரைதிறன் கூடுகிறது எனக் கண்டதும் ஆலைகள் மணல் சேர்க்கலாயின. எஃகுக்குச் சிறிதும் தேவையற்ற ஒரு செயல், கசடின் விலைக்காக எஃகாலைக்குள் புகுந்தது.

நிலம் தந்த சான்று

கசடு உரத்தின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட களம் நார்தம்பர்லாந்தின் காக்கிள் பார்க் பண்ணை. நியூகாசிலில் வேளாண் பேராசிரியராயிருந்த வில்லியம் சாமர்வில் 1896–97இல் அங்குள்ள மர வயலில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நிலம் களிமண் செறிந்த வறிய மேய்ச்சல் தரை. ஏறத்தாழ 3 ஏக்கர் கொண்ட பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றில் கசடு, சிலவற்றில் சூப்பர் பாஸ்பேட், சிலவற்றில் சுண்ணாம்பு என இட்டு, ஒன்றில் எதையும் இடாமல் விட்டார். விளைவை அளக்க அவர் புல்லை வெட்டி எடை பார்க்கவில்லை. ஒவ்வொரு பாத்தியிலும் ஆடுகளை மேயவிட்டு, அவற்றின் உடல் எடைப் பெருக்கத்தை அளந்தார். உழவருக்கு ஆய்வகத்தின் எண்களைவிடச் சந்தையில் ஆட்டின் எடையே புரியும் என்பதை உணர்ந்த முறை அது.

ஏக்கருக்கு அரை டன் கசடு இட்ட பாத்தி முன்னணியில் நின்றது. அங்கே வெண்குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடி, விதைக்காமலே தரை முழுதும் படர்ந்தது. மணிச்சத்துப் பற்றாக்குறையால் ஒடுங்கிக் கிடந்த செடி, கசடு கிடைத்ததும் தழைத்தது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்பதை ஹெல்ரீகல் 1886இல் அறிவித்திருந்தார். எனவே இடப்பட்டது மணிச்சத்து; நிலம் ஈட்டிக்கொண்டது தழைச்சத்தும் சேர்த்து. கசடின் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பையும் தணித்தது. இதே மாவு, சுண்ணாம்பு நிறைந்த வறண்ட நிலங்களில் இவ்வளவு பயன் தரவில்லை. கசடு உரம் ஈரமும் புளிப்பும் கொண்ட வட ஐரோப்பிய மண்ணின் உரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா நிலத்துக்கும் பொதுவான மருந்தாக அதைக் காட்டிய விளம்பரங்கள் மிகைப்பட்டவை.

அரவை ஆலையின் தூசி

கசடு உரத்தைப் புகழ்ந்த வேளாண் நூல்கள் பெரும்பாலும் தொடாத பகுதி ஒன்றுண்டு. உரத்தின் தரம் நுண்மையைச் சார்ந்தது; நுண்மை தூசியைப் பெருக்கியது. இரும்புக் குண்டுகள் உருளும் அரவை எந்திரங்களிலும், மூட்டை கட்டும் கூடங்களிலும், கப்பலில் ஏற்றி இறக்கும் துறைகளிலும் பணியாற்றியோர் கடும் நுரையீரல் அழற்சிக்கு ஆளாயினர். இறப்பு விகிதம் வழக்கமான நிமோனியாவைவிட மிகுதியாக இருந்தது. ஜெர்மன் மருத்துவ இலக்கியத்தில் இது தாமஸ் கசடு நிமோனியா என்றே பெயர்பெற்றது. சுண்ணாம்பின் அரிப்புத் தன்மை, துகள்களின் கூர்மை, பின்னாளில் மாங்கனீஸ் எனக் காரணங்கள் பலவாறு கூறப்பட்டன.

1899 ஏப்ரல் 25ஆம் நாள் ஜெர்மன் கூட்டாட்சி மன்றம் தாமஸ் கசடு ஆலைகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. எந்திரங்களை மூடியமைத்தல், தூசியை உறிஞ்சி அகற்றுதல், பெண்களையும் இளையோரையும் அரவைப் பணியிலிருந்து விலக்குதல், மருத்துவக் கண்காணிப்பு முதலியன அவற்றின் சாரம். ஒரு துணைப்பொருளின் மறுபயனுக்காகவே தனியாக எழுந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுள் இது தொடக்ககாலத்தது. விதிகள் வருமுன் பத்தாண்டுகளுக்கு மேலாக மாவு விற்பனையாகிக்கொண்டிருந்தது என்பதையும் நோக்க வேண்டும். உழவருக்குக் கிடைத்த மலிவான உரத்தின் விலையில் ஒரு பங்கு, உரப்பையில் அச்சிடப்படாமல், அரவைக் கூடத்தில் செலுத்தப்பட்டது. சல்லடைக் கண்களை எண்ணிய வணிகம் அதே துகள்கள் மூச்சுக்குழலில் எவ்வளவு ஆழம் செல்லும் என எண்ணத் தொடங்கியது மிகவும் பின்னர்.

தாது நிலங்களும் எல்லைகளும்

பாஸ்பரஸ் மிகுந்த தாது கிடைத்த இடமே கசடு உரத்தின் ஊற்று. ஆகவே உரத்தின் புவியியல் அரசியலின் புவியியலோடு பின்னிக்கிடந்தது. இதற்குச் சிறந்த காட்டு லக்சம்பர்க். அந்நாட்டின் தெற்கில் மினெட் தாதுவும் உருக்காலைகளும். வடக்கில் ஓஸ்லிங் எனப்படும், பலகைக்கல் மீதமைந்த புளிப்பான வறிய மேட்டு நிலம். டூட்லாஞ்ச் ஆலை 1886இல் தாமஸ் எஃகை வார்க்கத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு புதிய சுரங்க உரிமைகளை வழங்கியபோது, உள்நாட்டு உழவருக்குத் தாமஸ் கசடைக் குறைந்த விலையில் தர வேண்டும் என்னும் கடப்பாட்டையும் சேர்த்தது. பவுல் ஐஷன் தலைமையமைச்சராயிருந்த காலம் அது. நாட்டின் நிலத்தடிச் செல்வத்தைத் தனியார் அகழ்ந்தெடுக்கும்போது, அதன் ஒரு கூறு நாட்டின் மேல்மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்னும் நெறி இதில் அடங்கியிருக்கிறது. ஓஸ்லிங் பகுதியில் தரிசாகக் கிடந்த நிலம் பயிர்நிலமானதில் இதன் பங்கு பெரிது. மறுபயன் குறித்த இக்கால உரையாடல்களில், வெளிவரும் துணைப்பொருள் யாருக்கு உரியது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. லக்சம்பர்க் அதனைச் சட்டத்தின் மொழியிலேயே எழுப்பிற்று.

ஸ்வீடனின் கிருணா தாதுவும் தாமஸ் முறையால்தான் விலைபெற்றது. நார்விக் துறைமுகத்துக்குச் செல்லும் இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டபின் அத்தாது ஜெர்மன் உலைகளை நோக்கிச் சென்றது. வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள ஒரு மலையின் பாஸ்பரஸ் ஜெர்மன் உழவரின் கிழங்கு வயலை அடைந்தது என இதனைச் சொல்லலாம்.

முதல் உலகப் போர் இப்பிணைப்பின் மறுபக்கத்தைக் காட்டியது. கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு வெளிநாட்டுப் பாறைப் பாஸ்பேட் வரத்து நின்றது. உள்நாட்டுத் தாமஸ் மாவே எஞ்சிய பெரிய மணிச்சத்து. போரின் முடிவில் லொரேன் பிரான்சுக்குத் திரும்பியது; லக்சம்பர்க் ஜெர்மன் சுங்க ஒன்றியத்தை விட்டு விலகியது. 1913இல் ஜெர்மனி அகழ்ந்த இரும்புத் தாதுவில் ஏறத்தாழ முக்கால் பங்கு லொரேனைச் சார்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தபோது தாதுவும் எஃகும் மட்டுமன்றி உரமும் எல்லைக்கு அப்பால் போயிற்று. வெர்சாய் உடன்படிக்கையின் பொருளியல் விளைவுகளை ஆய்வோர் நிலக்கரி, இரும்பு ஆகியவற்றில் கருத்தூன்றும் அளவுக்கு இம்மணிச்சத்து இழப்பை நோக்குவதில்லை.

கசடு மெலிந்த காலம்

இங்கிலாந்தில் நலிவு முன்னரே தொடங்கியது. அங்கே மாற்றி உலையைவிடத் திறந்த அடுப்பு உலை மேலோங்கியது. அதன் கசடில் பாஸ்பேட் குறைவு. மேலும், கசடு எளிதில் உருகி ஓட ஆலைகள் ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சேர்த்தன. ஃபுளோரின் புகுந்ததும் பாஸ்பேட், பாறைப் பாஸ்பேட்டை ஒத்த கடின வடிவத்தை எடுத்தது. சிட்ரிக் அமிலத்தில் கரைவது சரிந்தது. எஃகாளருக்கு நன்மை செய்த பொருள் உழவருக்குக் கேடாயிற்று. முன்னர்க் கசடுக்காக மணலைச் சேர்த்த எஃகாலையையும், இப்போது எஃகுக்காக ஃபுளோர்ஸ்பாரைச் சேர்த்த எஃகாலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். துணைப்பொருளின் தேவை முதன்மைப் பொருளின் தேவையோடு முரணாத வரையிலேயே அது செவிமடுக்கப்பட்டது.

கண்டத்து ஐரோப்பாவில் தாமஸ் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் நீடித்தது. காற்றை ஊதுவதால் எஃகில் நைட்ரஜன் தங்கி அதை நொறுங்கச் செய்வது அதன் பழைய குறை. ஆஸ்திரியாவின் லின்ஸ் ஆலையில் 1952இலும் டோனாவிட்ஸ் ஆலையில் 1953இலும் தூய ஆக்சிஜனை மேலிருந்து ஊதும் முறை செயலுக்கு வந்தது. உலோகம் தூய்மையானது, உற்பத்தி விரைவானது. தொடக்கத்தில் இம்முறை பாஸ்பரஸ் மிகுந்த இரும்புக்கு ஒத்துவரவில்லை. ஆக்சிஜனோடு சுண்ணாம்புத் தூளையும் ஊதும் வழியை லக்சம்பர்க், பெல்ஜியம், பிரான்சு ஆய்வாளர் 1950களின் பிற்பகுதியில் கண்டு, மினெட் தாதுவுக்கும் பாஸ்பேட் கசடுக்கும் சில காலம் வாழ்வளித்தனர். ஆயின் பெருங்கப்பல்களில் வந்த, இரும்பு செறிந்த, பாஸ்பரஸ் குறைந்த வெளிநாட்டுத் தாதுவோடு மினெட் போட்டியிட இயலவில்லை. லக்சம்பர்க்கின் கடைசி இரும்புச் சுரங்கம் 1981இலும், லொரேனின் கடைசிச் சுரங்கம் 1997இலும் மூடப்பட்டன.

உழவர் கசடை மறுத்ததால் இவ்வுரம் மறையவில்லை. அதைவிடச் சிறந்த உரம் வந்ததும் முழுக் காரணமன்று. செறிவான உரங்களின் போட்டி இருந்தது உண்மையே. எனினும் 1960களிலும் தாமஸ் மாவுக்கு உழவரிடையே தேவை இருந்தது. வழங்கலே வற்றியது. சந்தையில் எவ்வளவு வேண்டப்பட்டாலும் துணைப்பொருள் தனக்கெனப் பெருகுவதில்லை.

இன்றைய ஆக்சிஜன் உலைக் கசடில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடே. உரமென விற்க அது மிகக் குறைவு. இந்தியாவில் இக்கசடு புளிப்பு மண்ணைத் திருத்தும் சுண்ணப் பொருளாகவே வேளாண் சோதனைகளில் இடம்பெற்றுள்ளது. அதன் தனிச் சுண்ணாம்பு ஈரத்தில் விரிவதால், சாலையில் இடுமுன் நீண்ட காலம் வெயிலிலும் மழையிலும் பதப்படுத்த வேண்டும். சூரத் அருகே ஹசீராவில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 2022இல் அமைந்த ஆறுவழிச் சாலை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு இலட்சம் டன் எஃகுக் கசடைப் பயன்படுத்தியது.

இக்கசடில் உள்ள சுண்ணாம்பையும் இரும்பையும் மீட்க ஊதுலைக்கே திருப்பி அனுப்பலாமே எனத் தோன்றும். ஆலைகள் அவ்வாறு செய்வதுமுண்டு. ஆனால் ஓரளவுக்கு மேல் இயலாது. ஊதுலையில் பாஸ்பரஸ் முழுதும் இரும்போடு சேர்ந்துவிடுவதால், கசடு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது ஆலைக்குள் சுழன்று பெருகும். உரமாக்கப் போதாத அந்த 1 முதல் 3 விழுக்காடு, உள்மறுசுழற்சியைத் தடுக்கப் போதுமானதாக இருக்கிறது. பெசிமர் உரிமம் பெற்றோர் 1850களில் எதிர்கொண்ட அதே தனிமம், இப்போது கசடு மேட்டிலிருந்து உலைக்குத் திரும்பும் வழியில் நிற்கிறது. அதனைக் கசடிலிருந்து தனியே பிரித்து மணிச்சத்தாக மீட்கும் வழிகளை ஜப்பானிய, சீன ஆய்வுக்கூடங்கள் தேடிவருகின்றன. ஜெர்மனியின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலோ, தாமஸ் மாவால் வரும் நுரையீரல் நோய் 4108 என்னும் எண்ணில் இன்றும் நீடிக்கிறது.